ஏன் போச்சு என்று கேட்ட இன்ஜினியரம்மா

கரன்ட் போனால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்போம்: எப்ப வரும்? எனக்குத் தெரிந்து தருமபுரி டவுனிலேயே கரன்ட் வந்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். ஃபேன் சுற்றி, தெருப் பிள்ளைகள் ‘ஏ’ என்று கத்தி, மிக்சிகள் அலற ஆரம்பித்த பிறகும் அந்தம்மா மட்டும் கம்பத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு, எதையோ தொலைத்தவர் முகத்தோடு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்.

“அதான் வந்துருச்சுங்களே மேடம்” என்பார் லைன்மேன்.

“வந்தது இருக்கட்டும்ணா. ஏன் போச்சு?”

“தானா போச்சு, தானா வந்துச்சு. காத்தா இருக்கும்.”

“காத்து எங்கணா அடிச்சுது? அந்தக் கொடியில காயற பாவாடை ஆடவே இல்ல, பாருங்க.”

லைன்மேன் பாவாடையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தப் பாவாடை என்னுடையது.

எங்கள் பக்கத்துக் கரன்ட் ஆபீசுக்கு இன்ஜினியராக வந்து மூன்று வருடம் இருந்தார் அந்தம்மா. அரூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன், தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது. ஒரு ஸ்கூட்டி, ஒரு கறுப்புக் குடை, சுடிதாருக்குக் கீழே ஆம்பளை ஷூ. அந்த ஷூவைப் பார்த்து எங்கள் தெருவே முதல் வாரம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். குடையை அவர் வெயிலுக்கோ மழைக்கோ விரித்து நான் பார்த்ததில்லை. அதன் நுனியால் கம்பங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே நடப்பார். எங்களுக்கெல்லாம் அது கறிக்கடைக் கம்பம், பள்ளிக்கூடத்துக் கம்பம். அவருக்கு அது இருபத்தொன்பது, முப்பத்தொன்று.

நாங்கள் இருப்பது டவுன் முடிகிற இடம். நல்லம்பள்ளி ரோட்டிலிருந்து உள்ளே வர வேண்டும். ஒரு மாடி வீடு இருக்கும், அதை ஒட்டியே ஒரு மாட்டுக் கொட்டாய் இருக்கும். ஏரிக்கரை ஓரமாக எங்கள் தெருவுக்கு வருகிற அதே லைன்தான் டவுனில் பாதிக்கும் போகிறது. ஏரிக்கரையில் ஒரு ‘டப்’ கேட்டால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டலில் மாவு அரைக்கிற கிரைண்டர் நிற்கும்.

கிரைண்டர் நின்றால் மாவு புளிக்கும், அவ்வளவுதான். என் வீட்டில் நிற்பது வேறு. என் வீட்டுக்காரர் கல் பாலீஷ் போடும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கல் தூசி நுரையீரலில் இறங்கிவிட்டது. ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகும். கரன்ட் போனால் மெஷின் ‘கீ’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம். அது இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குள் கரன்ட் வர வேண்டும்.

அந்தம்மா வந்த புதிதில் நான் போய்ப் போட்ட சண்டையைச் சொல்லியே ஆக வேண்டும். வாரத்தில் மூன்று தடவை கரன்ட் போய்க்கொண்டிருந்த சமயம். காலி சிலிண்டரை ரொப்ப ஆட்டோவில் போனவள், வழியிலேயே கரன்ட் ஆபீசில் இறங்கி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தம்மா மேசை மேல் ‘டங்’ என்று வைத்தேன். நான் கொஞ்சம் வாய்க்காரி. ஆபீசே எழுந்து நின்றது. அந்தம்மா மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“எத்தன மணிக்குங்க போச்சு? போறப்ப மினுக்குச்சா, ஒரேடியா போச்சா?”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “நான் எம் புருஷனுக்கு மூச்சு கேட்டு வந்திருக்கறேன். நீ என்னா மணி கேக்கற?”

அப்போதுதான் அவர் சிலிண்டரைப் பார்த்தார். மெதுவாக எழுந்து அதன் மேல் கை வைத்தார். “இது எவ்ளோ நேரம் வருங்க?”

“ரெண்டு மணி நேரம்.”

சுவரில் ஒரு கரும்பலகை. வெட்ட வேண்டிய கிளை, மாற்ற வேண்டிய கம்பத்துப் பீங்கான் என்று பட்டியல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சாக்பீசால் ‘2 மணி நேரம்’ என்று எழுதினார். லைன்மேனிடம் திரும்பி, “இந்த லைன்ல என்னா வேலையா இருந்தாலும் இதுக்குள்ள முடியணும்ணா” என்றார். எனக்கு ஒரு சமாதானம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. சிலிண்டரை ஆட்டோ வரைக்கும் தானே தூக்கிவந்து வைத்துவிட்டு, “அக்கா, இனிமே போறப்ப மணியும் பாருங்க, வானத்தையும் பாருங்க. எழுதி வைங்க” என்றார். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை எனக்கு.

அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம்தான் என் நோட்டு. ‘பத்து இருபது, மினுக்கிப் போச்சு, வெயில், காத்து இல்லை.’ அப்படியே ஊசியில் கோத்து ஆணியில் மாட்டிவிடுவேன். இடையில் என் வீட்டுக் கதையும் கலந்துவிடும். ‘அண்ணன் வந்தார், பலாப்பழம்.’

எப்ப வரும் என்று யார் போன் போட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். “எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சதும் சொல்றேன்.” இன்னும் அஞ்சு நிமிஷம் என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. ஓட்டல்காரர் ஒருவர், “பொய்யாவது சொல்லும்மா, மனசு ஆறும்” என்று போனில் கெஞ்சினாராம். ஆனால் தெரிந்ததும் சொல்வார். போன் போட்ட அத்தனை பேரையும் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்வார். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டு, “பீங்கான் ஒன்னு விரிசல் விட்டிருந்துச்சுங்கக்கா, அதான்” என்றார் ஒருமுறை.

அந்த விரிசலைக் கண்டுபிடித்த விதம்தான் எங்கள் தெருவில் ரொம்ப நாள் பேச்சு. தூறல் நின்ற உடனே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காதைச் சாய்த்து நின்றார். அரை நிமிடம் நிற்பார், அடுத்த கம்பத்துக்குப் போவார். “பேய் ஓட்ட வந்திருக்குது போல” என்றார் என் வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே. பள்ளிக்கூடத்துக் கம்பத்தில் கையைத் தூக்கினார். “இதுதான். ஸ்ஸ்னு சொல்லுது.” லைனை நிறுத்திவிட்டு லைன்மேன் ஏறி அந்தப் பீங்கானைக் கழற்றிக் கொண்டுவந்தார். தலைமுடி அளவு ஒரு கோடு. அதையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரிந்தது. ஈரத்தில் மட்டும் அது சத்தம் போடுமாம், காய்ந்தால் வாயை மூடிக்கொள்ளுமாம். யம்மாடி! நாற்பது கம்பத்தில் அந்த ஒரு முடியளவு கோட்டைக் காதால் பிடித்த பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் தெருவில் யாரும் ஷூவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மழையில் போகிற கரன்ட் இப்படி ஒவ்வொன்றாகக் குறைந்தது. வெயிலில் போகிறது மட்டும் பிடிபடவில்லை. வானம் சுத்தமாக இருக்கும், காற்று இருக்காது, ‘டப்’ என்று போகும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. திரும்பப் போட்டால் போகாமல் நிற்கும். மற்ற இன்ஜினியர்கள் என்றால் ‘தற்காலிகப் பழுது’ என்று எழுதி மூடிவிடுவார்களாம். லைன்மேன்தான் எனக்குச் சொன்னார். “இந்தம்மா புக்குல காரணம் எழுதற எடத்தக் காலியாவே விட்டு வெச்சிருக்குதுக்கா. மேலருந்து திட்டு வாங்குது. காரணம் தெரியாம எப்படிங்க எழுதறதுங்குது.”

அந்தக் காலியிடம் எனக்கு ஒருநாள் எமனாக வந்தது.

ஆவணி மாதம், நல்ல வெயில். காலையில் ஒருமுறை போய் அரை மணி கழித்து வந்தது. லைன் முழுக்க ஆள் நடந்து பார்க்காமல் கரன்ட் போடக் கூடாது என்பது அந்தம்மா கட்டளை. எங்கேயாவது கம்பி அறுந்து யார் மேலாவது கிடந்தால் என்ன ஆவது? அது நியாயம்தான். சிலிண்டரில் அரை மணி செலவாகிவிட்டது. ரொப்பி வரலாம் என்று நான் புடவை மாற்றுவதற்குள் மறுபடியும் ‘டப்’. இந்த முறை ஏரிக்கரையில் முப்பத்தேழாம் கம்பத்தில் கம்பியே கருகி அறுந்துவிட்டது. இழுத்துக் கட்டி முடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இருபது நிமிடம் சிலிண்டரும் இல்லை, மெஷினும் இல்லை. என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது. நூற்றெட்டுக்குப் போன் போட்டுவிட்டு முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தேன். வண்டி வருவதற்குள் கரன்ட் வந்துவிட்டது. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் காலை அந்தம்மா வாசலில் வந்து நின்றார். பின்னால் லைன்மேன். “ரெண்டு மணி நேரத்தத் தாண்டிட்டோங்கக்கா” என்றார்.

லைன்மேனுக்குப் பொறுக்கவில்லை. “இல்லீங்க மேடம், ஒன்னு அம்பதுலயே முடிச்சிட்டமே.”

“காலையில போனதையும் கூட்டுணா.”

உள்ளே வந்து, கட்டிலருகில் ஒரு நிமிடம் நின்று என் வீட்டுக்காரர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு, “அந்தக் காலண்டர் தாளுங்களக் குடுங்க” என்றார். தரையில் உட்கார்ந்து அத்தனை தாளையும் பரப்பினார். மழைத் தாளை ஒதுக்கினார், காற்றுத் தாளை ஒதுக்கினார். மிச்சம் இருந்த வெயில் தாள்களை மட்டும் தேதி வாரியாக வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றுவிட்டார். நேற்றைக்கு முந்தின நாள் தாள். கரன்ட் போனதாக அதில் ஒன்றும் இல்லை. ‘மாடு கன்னு போட்டுச்சு. கெடேரி. நல்லா இருக்குது’ என்று எழுதியிருந்தேன்.

“இளங்கொடிய எங்கக்கா கட்டுனீங்க?”

கன்று போட்ட பிறகு மாட்டிலிருந்து விழுகிற கொடியைத்தான் கேட்டார். அதை நாய் தின்றுவிட்டால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்று, வைக்கோலில் சுற்றிச் சாக்கில் போட்டு, பால் வடிகிற மரத்தில் உயரமாகக் கட்டுவோம். மாடு வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். “எங்க கட்டுவாங்க? ஏரிக்கரை ஆலமரத்துலதான்” என்றேன்.

அந்தம்மா எழுந்திருக்கவே இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு தன் நெற்றியில் தானே ஒரு அடி அடித்துக்கொண்டார். “நானும் மாட்டுக்காரி வூட்டுப் பொண்ணுதாங்கக்கா. தெனமும் அந்த மரத்தடியிலதான் வண்டிய நிறுத்தறேன். முப்பத்தேழுக்கு அடியில எப்பப் பாத்தாலும் நாலு நாய் படுத்துக் கெடக்குது. நெழல் இல்ல, வூடு இல்ல, அங்க நாய்க்கு என்னா வேலைன்னு ஆறு மாசமா யோசிக்கறேன். மேல தொங்கறது எங் கண்ணுக்கே தெரியலியே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “சிலிண்டர மாட்டி வுட்டுட்டு வாங்க, காட்டறேன்” என்றார். சிலிண்டர் நிறைந்திருந்தது. மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டக்காவை என் வீட்டுக்காரருக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு மூவரும் போனோம்.

ஆலமரத்தில் பதினேழு சாக்கு மூட்டைகள் தொங்கின. அந்தம்மாதான் எண்ணினார். என் மூட்டை புதுசு, வெள்ளைச் சாக்கு. அதில் ஒரு காகம் தலையை விட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது. நீளமாக, ஈரமாக ஒரு துண்டை உருவிக்கொண்டு பறந்து முப்பத்தேழாம் கம்பத்தின் குறுக்கு இரும்பில் போய் உட்கார்ந்தது. அந்தம்மா சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காகம் தலையை ஆட்டி அந்தத் துண்டை உதறியது. துண்டின் நுனி கம்பியில் பட்டது. ‘டப்.’ நீல வெளிச்சம். காகம் கீழே விழுந்தது. அதற்காகவே காத்திருந்த நாய்களில் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓடியது, இன்னொன்று அந்தத் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் கம்பத்தடியில் ஒன்றுமே இல்லை. காற்று இல்லை, மழை இல்லை, தடயம் இல்லை.

“தானா போச்சு, தானா வந்துச்சு” என்றார் லைன்மேன், தனக்குத்தானே.

என் மாடு, என் சாக்கு, என் கையால் போட்ட முடிச்சு. என் வீட்டுக்காரரை ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்தது நான்தானா? அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாது அவருக்கு. “பதினேழு மூட்டைங்கக்கா. உங்களது ஒன்னு” என்று மட்டும் சொன்னார். பிறகு, “நீங்க எழுதலீன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார்.

அன்று சாயங்காலம் மாடு வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஆலமரத்தை வெட்டிவிடலாம் என்று லைன்மேன் சொன்னதற்கு ஒரே முறை முறைத்தார். மூன்று மாடு வைத்திருக்கிற பக்கத்து வீட்டக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். “கட்டாத வுட்டு மாடு பால் வத்திப் போனா உங்க ஆபீஸ் குடுக்குமா?”

“கட்டாதீங்கன்னு நான் சொல்லலீங்கக்கா. அந்தக் கரையில அத்திமரம் ரெண்டு இருக்குது. அதுவும் பால் மரந்தான். பக்கத்துல லைன் இல்ல. அங்க கட்டுங்கன்னு கேக்கறேன்.”

வழிவழியாக ஆலமரத்தில் கட்டியவர்களுக்கு அத்தி என்றால் மனது ஒப்புமா? யார் மூட்டையால் நேற்றுக் கம்பி அறுந்தது என்று அந்தம்மா சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சொல்லவே இல்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“நேத்து கரன்ட் போனது எம் மாட்டுக் கொடியாலதான்” என்றேன். “எம் புருஷன் உதடு கறுத்து நின்னாரு. நீங்கல்லாம்தான் ஓடியாந்து பாத்தீங்க. நான் அவுக்கறேன். பால் வத்தினா வத்திட்டுப் போவுது.”

ஒருமுறை கட்டினதை அவிழ்க்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. கைகூடக் கூசியது. லைன்மேன் ஏணி போட்டு ஏறி அவிழ்த்துக் கொடுத்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒரு கொம்பில் மாட்டி ஏரிக்கரை சுற்றிக்கொண்டு போய் அத்திமரத்தில் கட்டினேன். நாலு நாயும் பின்னாலேயே வந்தன. குடையை ஓங்கி ஓங்கி அவற்றை விரட்டிக்கொண்டே அந்தம்மா கூட நடந்து வந்தார். அந்தக் குடை வேறு எதற்காவது பயன்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் பக்கத்து வீட்டக்கா முனகிக்கொண்டே தன் மூட்டையைக் கொண்டுவந்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். என் மாடு பால் வற்றவில்லை. வேளைக்கு அரை லிட்டர் கூடத்தான் கறந்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் கேட்டால் அத்திதான் ராசி என்பார்கள்.

முப்பத்தேழுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு கம்பங்களில் கம்பிக்கு உறை மாட்டினார்கள். ஆபீஸ் புத்தகத்தில் காலியாக விட்டிருந்த இடங்களை அந்தம்மா நிரப்பினார். என்ன எழுதினீங்க என்று கேட்டேன். “பறவை” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் திட்டு வாங்கிய மனுஷி. வெயில் நாளில் கரன்ட் போவது எங்களுக்கு மறந்தே போனது. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்காரருக்குத் தன் கிரைண்டர் ஏன் நிற்பதில்லை என்று இன்றுவரை தெரியாது.

மூன்றாவது வருட முடிவில் அவருக்கு மாற்றல் வந்தது. மாலை, சால்வை எதற்கும் நிற்கவில்லை. போகிற அன்று வந்து மெஷினின் பிளக்கைத் தொட்டு, ஆட்டி, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். புது இன்ஜினியர் வந்தும் போர்டில் ‘2 மணி நேரம்’ அழியவில்லை. அழிய அழிய லைன்மேன் மேலே எழுதிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். பகல் பதினோரு மணி, ஒரு வாய் காப்பி கேட்டார், குடித்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்தம்மாவிடமிருந்து போன் வந்தது. லைன்மேன் சொல்லியிருப்பார். எதையும் ஏன் என்று கேட்கிறவர், எப்படிப் போனார், ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை என்றெல்லாம் கேட்பார், அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

“அக்கா, அப்ப கரன்ட் இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு கண்ணு. மினுக்கக்கூட இல்ல. அவரு போனப்புறமும் மெசின் ஓடிட்டே இருந்துச்சு. நாந்தான் சுவிட்ச அமத்துனேன்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. போனிலேயே அழுதார்.